காய் குலுங்கும் வரை

தலை நிறைய முடி இருந்தும் ரோடு ஆபீஸில் எனக்கு மொட்டை என்றுதான் பெயர். என் தலையைப் பார்த்து வைத்த பெயரல்ல அது. நான் வண்டி ஓட்டிப் போன பிறகு ரோட்டோரத்தைப் பார்த்து வைத்தது. புல் வெட்டும் டிராக்டருக்குப் பக்கவாட்டில் நீளமாக ஓர் இரும்புக் கை இருக்கும். அதன் முனையில் கத்திகள் சுழலும். மற்ற டிரைவர்கள் அந்தக் கையை ஒரு சாண் தூக்கிப் பிடித்து ஓட்டுவார்கள். நான் மண்ணோடு இழைப்பேன். கல் தெறிக்கும், கத்தி மழுங்கும், மேஸ்திரி கத்துவார். கத்தட்டும். நான் வெட்டிய ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாலும் பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்தத் திமிரில் கை வைத்தவள் என் வீட்டுக்காரி.

வீட்டுக்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்படி, அவளுக்கு ஒரு பூசணிப் பாத்தி இருக்கிறது. தினமும் காலையில் ஒரு சின்னப் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அதில் போய்க் குனிந்து நிற்பாள். ஆண் பூவில் தொட்டுப் பெண் பூவில் தடவுவாள். தடவாத பூவெல்லாம் பிஞ்சோடு அழுகி விழுந்துவிடும்.

"என்ன இது, பூவுக்கு மை தீட்டுறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வண்டு பாக்க வேண்டிய வேலையை நான் பாக்குறேன்."

"வண்டுக்கு என்ன கேடு?"

"அதுக்குத் தின்ன ஒண்ணுமில்ல. ரோடு முழுக்க வழிச்சு எடுத்தது யாரு? நானா?"

"ரோட்டோரம் என்ன வண்டுக்குச் சாப்பாட்டுக் கடையா?"

"வேற எங்க இருக்கு? இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் குடோன். பூன்னு ஒண்ணு பூத்தா அந்த ஓரத்துலதான் பூக்கணும். அதையும் நீங்க ஓட்டிக்கிட்டு வந்து, ஏதோ பெரிய காரியம் பண்ண மாதிரி வீட்டுல வந்து தண்ணி கேப்பீங்க."

அவளிடம் பேசி ஜெயித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை.

எங்கள் வாசலுக்கு நேரே ரோட்டுக்கு அடியில் ஒரு மதகு. அதன் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் டிராக்டரின் கை போகாது. போனால் கல்லில் மோதி வளைந்துவிடும். அந்த இடுக்கில் ஒரே ஒரு கிலுகிலுப்பைச் செடி நின்றது. மஞ்சள் பூ. ஊதிவிட்ட மாதிரி காய். காய் முற்றிக் காய்ந்துவிட்டால் உள்ளே விதை கழன்று, காற்றடித்தாலே கிலுகிலு என்று சத்தம் போடும். அதை நான் விட்டு வைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல் விட்டு வைத்தது.

அந்த ஒரு செடியின் காய்களைப் பறித்து, என் வீட்டுக்காரி வாசலுக்கு முன்னால் மதகிலிருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் தூவிவிட்டாள். நான் ரிட்டயரான பிறகு ஆபீஸில் ஆள் குறைவு, பாதி நாள் வண்டி பழுது. அதனால் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. மழைக்குச் செடி முளைத்தது. அடுத்த மழைக்கு இடுப்பளவு நின்றது. ஓரம் முழுக்க மஞ்சள். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஊரே மொட்டை என்று கூப்பிடுகிறவன் வீட்டு வாசலில் காடு.

பிறகு கருவண்டு வந்தது. கட்டை விரல் பருமனில், லாரி இன்ஜின் மாதிரி உறுமிக்கொண்டு. வேலிக் கட்டையில் ஓட்டை போட்டுக் குடியேறியது. நான் மண்ணெண்ணெய்ப் பாட்டிலோடு கிளம்பினேன். அவள் கட்டைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"முதல்ல என் மேல ஊத்துங்க."

பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் பூசணி தானாகக் காய்த்தது. வண்டு காலையில் பூசணியில் புகுந்து மாவு பூசிய மாதிரி வெளியே வரும். வெயில் ஏறினால் ரோட்டோர மஞ்சள் பூவுக்குப் போகும். பிரஷ் ஜன்னலில் கிடந்து முடி விறைத்துப் போனது. அவள் அதைச் சுட்டிக் காட்டி, "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன்.

இந்த வருஷம் பூ முடிந்து காய் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்த நேரம், அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துச் சரி செய்தார்கள். அங்கே யார் என்ன சொன்னாலும் நான் இரண்டாவது ஆளிடம் கேட்காமல் நம்பவில்லை. ஆனால் ஒன்றை எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இனி இந்த அம்மா தரையை நோக்கிக் குனியவே கூடாது.

அவள் அதைக் கேட்டதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இனிமே என்னால பிரஷ் பிடிக்க முடியாது. வண்டு இருந்தாத்தான் பூசணி. செடி இருந்தாத்தான் வண்டு. காய் இன்னும் பச்சை. இப்ப வெட்டினா விதை விழாது, எல்லாம் போச்சு. காய் குலுங்குற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க. குலுங்கின பிறகு நீங்களே வந்து மொட்டை அடிங்க, நான் கேக்கமாட்டேன்."

"என்னைத் தாண்டி எவன் வருவான்?" என்றேன்.



துணி எடுக்க ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு பெண் குனிந்து காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோடு ஆபீஸுக்குப் புதிதாக வந்த அதிகாரி. டிரைவர்கள் அவளுக்குச் செடி மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இனிமேல் தார் ரோட்டை ஒட்டி ஒரு கத்தி வீச்சு அகலம் மட்டும் வெட்டினால் போதும், அதற்கு அப்பால் விதை விழும் வரை தொடக் கூடாது என்று ஆர்டர் போட்டவள் அவள்தான். டிரைவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வழக்கம்போல ஓட்டினார்கள்.

"ஐயா, இது நீங்க வளர்த்ததா?" என்று கேட்டாள்.

"தானா வந்தது."

"நல்லா வந்திருக்கு. இந்த ரோடு முழுக்கத் தேடிட்டேன், வேற எங்கயும் இல்ல. காய் முத்தினதும் கொஞ்சம் விதை எடுத்துக்கலாமா? மத்த ஓரத்துல போடலாம்."

"பாக்கலாம்."

"அதுவரைக்கும் தெரியாம யாராவது வெட்டிடப் போறாங்க. நாலு குச்சி நட்டு, ஒரு போர்டு வெச்சிடறேன்."

குச்சி என்றதும் எனக்குச் சுரீரென்றது. என் வேலைக் காலத்தில் ரோட்டோரம் குச்சி நட்டு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. முதலில் குச்சி வரும், பிறகு நாடா வரும், பிறகு ஒருத்தன் வந்து உன் வாசல்படி எங்கள் இடத்தில் இருக்கிறது என்பான்.

"குச்சியெல்லாம் வேண்டாம்மா. நான் பாத்துக்குறேன்."

"போர்டாவது..."

"எதுவும் வேண்டாம். கிளம்புங்க."

அவள் முகம் வாடியது. போகும்போது, "நீங்க பாத்துக்குவீங்கன்னு நம்பிப் போறேன் ஐயா" என்றாள். பேச்செல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டீக்கடையில் பென்சில் இருந்தான். என்னிடம் கிளீனராகச் சேர்ந்த காலத்தில் ஒல்லியாக இருந்தான், பென்சில் என்றோம். இப்போது என் வண்டிக்கு அவன்தான் டிரைவர். ஸ்டீயரிங்கில் தொப்பை இடிக்கிறது. பெயர் மட்டும் பென்சில். கூட இரண்டு ஆட்கள்.

"அண்ணி எப்படிண்ணே இருக்காங்க?"

"இருக்கா. ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்க."

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வண்டியில போறப்ப பாத்தேன். உங்க வாசல் என்ன இப்படிக் கெடக்கு? சிங்கம் புலி வளர்க்குறீங்களா?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தன், "மொட்டை அண்ணனுக்கு முடி முளைச்சிருச்சு" என்றான்.

உண்மையைச் சொல்ல அப்போது எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? 'அது உங்க அண்ணி போட்டதுடா, தொடாதீங்க' என்று சொல்லியிருந்தால், டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். கொஞ்ச நாள் கிண்டல் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பூ வளர்க்கிறேன் என்று அந்தக் கடையில் நின்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"எனக்கென்ன ஆசையா?" என்றேன். "உங்க செடி மேடம் வந்து தொடக் கூடாதுன்னுட்டா. என் வாசல்ல எனக்கே உரிமையில்ல. என்ன பண்ணச் சொல்ற?"

பென்சில் டம்ளரைக் கீழே வைத்தான். "உங்க வாசலுக்கா? உங்களுக்கா ஆர்டர்?"

"ஆமா."

"வேலை கத்துக் குடுத்த மனுஷனுக்கே ஆர்டரா?"

அவன் எனக்காகக் கோபப்பட்டது எனக்குச் சுகமாக இருந்தது. கூட ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூட வேலை பார்க்கிறவன் வீட்டில் கல்யாணம், சாவு, இல்லை ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வீடு திரும்புகிறார்கள் என்றால், லீவு நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் வாசலுக்கு முன்னால் ரோட்டோரத்தைச் சுத்தமாக வெட்டிக் கொடுப்பார்கள். வருகிறவர்கள் வண்டி நிறுத்த, நாலு பேர் நிற்க. வாசல் வெட்டு என்று அதற்குப் பெயர். சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். அதை ஆரம்பித்து வைத்தவனே நான்தான். முதல் வாசல் வெட்டு பென்சில் கல்யாணத்துக்கு.

அது என் நினைவுக்கு வரவில்லை. வெளியாட்களை மட்டுமே சந்தேகப்பட்டுப் பழகியவனுக்கு எப்படி வரும்?

இரண்டு நாள் கழித்து டாக்சியில் என் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மதகு வரும் முன்னாலேயே அவள் கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். "கண்ணாடியை இறக்குங்க. காத்துக்குச் சத்தம் கேக்குதா பாப்போம்" என்றாள். இறக்கினேன். பச்சை இலை கசங்கிய வாடை குப்பென்று உள்ளே வந்தது. அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்கச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாடை.

மதகிலிருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் மண் தெரிந்தது. பென்சிலும் அந்த இரண்டு பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். சட்டையெல்லாம் பச்சைத் தூள். பென்சிலுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"வாங்கண்ணி! ஆர்டராவது ஒண்ணாவது. எங்க அண்ணன் வாசலுக்கு எவ ஆர்டர் போடறது? நீங்க வர்றப்ப காடா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

நான் மதகைப் பார்த்தேன். வண்டி போகாத இடுக்கிலும் ஒரு செடி இல்லை.

"அங்கயும் விடலைண்ணே," என்றான் பென்சில். "கை போகலை. நானே அரிவாளோட இறங்கி வெட்டினேன். நீங்க எப்படி இழைப்பீங்களோ அப்படியே இழைச்சிருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரி என் முழங்கையை அழுத்தினாள்.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி," என்றாள். "லீவு நாள்ல வந்து சிரமப்பட்டிருக்கீங்க. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்தார்கள். பிஸ்கட் கேட்டு வாங்கித் தின்றார்கள். அவளுக்குத் தாங்குகட்டையில் எப்படி நடப்பது என்று ஒருத்தன் நடந்து காட்டினான். அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். அவர்கள் போய், கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பசங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க சொல்லலையா?"

"வெட்டக் கூடாதுன்னு சொன்னேன்."

"யாரு சொன்னதா சொன்னீங்க?"

நான் ஜன்னலில் கிடந்த பிரஷ்ஷைப் பார்த்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கும் திருப்பித் திட்ட ஏதாவது கிடைத்திருக்கும்.

சாயங்காலம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தூளைக் கிளறினேன். அந்தக் கத்தி எதையும் முழுதாக விடாது, எனக்குத் தெரியாததா? முழுதாக அகப்பட்ட காய்களைத் தேடி எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன். ஈரக் காய். சத்தம் வரவில்லை. தலைக்கு மேல் ஒரு கருவண்டு, முன்பு பூ இருந்த உயரத்திலேயே இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருந்தது. வேலிக் கட்டைக்குப் போய், மறுபடி அங்கேயே வந்து நின்றது. கையை வீசி விரட்டினேன். போகவில்லை.

மறுநாள் செடி மேடம் வந்தாள். வாசலில் குனிந்து மண்ணைப் பார்த்தாள்.

"யாரு ஐயா வெட்டினது?"

யார் என்று சொன்னால் பென்சில் வேலைக்கு ஆபத்து. லீவு நாளில் ஆபீஸ் வண்டி, ஆர்டருக்கு எதிராக.

"நான்தான்."

"டயர் தடம் இருக்கே."

"நான் டிரைவர்தானேம்மா. ஓட்டத் தெரியாதா?"

"வண்டி யாரு குடுத்தா?"

"திருடினேன். போய் போலீஸ்ல சொல்லுங்க."

அவள் கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். "அன்னைக்கு அந்தக் குச்சியை நட்டிருக்கலாம் ஐயா," என்று மட்டும் சொன்னாள். பிறகு உதிர்ந்த தூளைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "மண்ணுல பழைய விதை கொஞ்சம் இருந்தாலும் இருக்கும்" என்றாள். அதையும் நான் நம்பவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வேலிக் கட்டை ஓட்டைகளில் நடமாட்டம் நின்றது. பூசணி பூத்தது, பிஞ்சு அழுகியது. ஒரு காலையில் பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு நானே பாத்தியில் இறங்கினேன். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தாள்.

"அது ஆண் பூ. ஆணை ஆணோட தேய்ச்சா என்னத்தைக் காய்க்கும்? கீழ குட்டியா காய் இருக்கா பாருங்க. இருந்தாத்தான் பொண்ணு."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஆமா, உங்களுக்கு எப்பத்தான் வித்தியாசம் தெரிஞ்சது?"

முட்டி கடகடவென்று கழன்றது. பாதிப் பூவுக்குக்கூட என்னால் முடியவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு, மதகுச் சுவருக்குப் பக்கத்தில் சில முளைகள் தலைகாட்டின. விரல் உயரம்தான். கிலுகிலுப்பைதான் என்று நான் கிள்ளி வந்து காட்டிய இலையைப் பார்த்து அவள் நாற்காலியிலிருந்தே சொன்னாள். செடி மேடம் சொன்னது சரிதான். நான் போய்ச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஒருநாள் நான் பிரஷ்ஷோடு குனிந்திருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. ஹாரன் அடித்துக்கொண்டே பென்சில் வந்தான்.

"என்னண்ணே, பூவுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களா?"

சிரித்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் இரும்புக் கையை இறக்கினான். மரியாதையாக, மண்ணோடு மண்ணாக.

"தூக்குடா! கையைத் தூக்குடா!"

எனக்கு அவ்வளவு சத்தம் இன்னும் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பிரஷ்ஷோடு வேலியைத் தாண்டி ஓடினேன். அவன் பயந்துபோய் கையைத் தூக்கி, இன்ஜினை அணைத்தான்.

"என்னண்ணே? யாராவது குறுக்க வந்துட்டாங்களா?"

"அங்க செடி இருக்குடா. உங்க அண்ணி போட்டது. அதுக்கு வண்டு வரும். வண்டு வந்தாத்தான் பூசணி காய்க்கும். அவளால இனிமே குனிய முடியாது. அதான்."

"அந்த மேடம் ஆர்டர்னு சொன்னீங்களே?"

"இல்லை."

அவன் முளைகளைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த பிரஷ்ஷை. பிறகு நாற்காலியில் இருந்த அவளை. அண்ணி போட்ட செடியைத்தான் வெட்டினோம் என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவள் அன்றைக்கு என் முழங்கையை அழுத்தினாள். அதையும் இப்போது நான் உடைத்துவிட்டேன்.

"அப்போ அன்னைக்கு நான் அரிவாளோட இறங்கி..." என்றான். முடிக்கவில்லை.

"தம்பி, டீ போடச் சொல்றேன், இறங்கி வாங்க," என்றாள் அவள்.

"இல்லண்ணி. வேலை இருக்கு." அவளைப் பார்க்காமலேயே சொன்னான். என்னிடம், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ண்ணே. நாங்க என்ன வெளியாளா?" என்றான்.

வண்டியைக் கிளப்பினான். கையை உயரத் தூக்கிப் பிடித்தபடியே போனான். ரோடு திரும்பும் வரைக்கும் இறக்கவில்லை.

செடி இப்போது முழங்கால் உயரம். இன்னும் பூக்கவில்லை. பென்சில் இந்த வழியாகத்தான் வருகிறான், எங்கள் வாசல் வந்ததும் கையைத் தூக்கிவிடுகிறான். ஹாரன் மட்டும் அடிப்பதில்லை.